தூக்கக் கூடாத பிள்ளை

காலையில் மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடக்கிற என் வயதுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். டாக்டர் சொன்னதற்காக உண்மையிலேயே நடக்கிறவர்கள் ஒரு கட்சி. நடக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, கொஞ்சம் வேர்வைக்காகத் துண்டை நனைத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு திரும்புகிறவர்கள் இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. டீக்கடைக்காரருக்குத் தெரியும்.

போன மாதம் பேரனை நாமக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டப் போயிருந்தோம். பையன் வயதுக்கு மீறிப் பருத்துவிட்டான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டரம்மா முதலில் அவனைப் பார்த்தாள். பிறகு என் மகனைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். மூன்று பேரும் ஒரே மாதிரி வயிற்றின்மேல் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பெத்தவங்க ஓடியாடிக்கிட்டு இருந்தா புள்ளைங்களும் அப்படியே இருக்குமுங்க. நீங்க உக்காந்துட்டா அவனும் உக்காந்துக்குவான்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க அப்பா அம்மா எப்படிங்க ஐயா? நல்லா நடமாடுவாங்களா?" என்று கேட்டாள்.

"எங்கப்பா மூட்டை தூக்குனாருங்க. எங்கம்மா களத்துல நடந்தாங்க" என்றேன்.

"அப்புறம் நீங்க ஏனுங்க இப்படி?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை; அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் இப்போது நான்தான். அதனால் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் எருமப்பட்டிப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி மில்லை ஒட்டிய வரிசை வீடுகளில் குடியிருந்தோம். அப்பா மில்லில் லோடுமேன். மாவு மூட்டையும் ஜவ்வரிசி மூட்டையும் லாரியில் ஏற்றுகிற வேலை. சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, குனிந்து, முதுகில் மூட்டையை வாங்கி, பலகை வழியாக லாரிக்குள் ஏறுவார். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை, காதுமடல் எல்லாம் மாவு அப்பியிருக்கும். கண் மட்டும் சிவப்பாகத் தெரியும். அக்கம் பக்கத்துச் சின்னப் பிள்ளைகள் பயந்து ஓடும். நானும் தம்பியும் ஓட மாட்டோம். அவர் அப்படி வந்தால்தான் எங்களுக்கு அப்பா.

அம்மாவுக்குத் திப்பிக் களத்தில் வேலை. உங்களில் இந்தப் பக்கம் வளராதவர்களுக்காகச் சொல்கிறேன்: மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவை எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கைதான் திப்பி. மாட்டுத் தீவனத்துக்குப் போகும். அதைச் சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். கிளறிவிடாவிட்டால் அடியில் புளித்துப் போகும். கிளறுவதற்குக் கால்தான். பெண்கள் வரிசையாக நின்று, பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்துக் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார்கள். பின்னால் உழுத சால் மாதிரி கோடு விழும். திரும்பி வந்து அடுத்த கோடு. பொழுது சாயும் வரைக்கும் அதே வேலை. அந்தப் புளித்த நாற்றம் இருக்கிறதே, அது துணியில் ஏறினால் துவைத்தாலும் போகாது. எங்கள் அம்மாவின் மடியில் படுத்தால் அந்த வாசனைதான் வரும். எனக்கு இன்றைக்கும் இட்லி மாவு அதிகமாகப் புளித்துவிட்டால் அவள் நினைப்பு வந்துவிடும். மருமகள் மாவைக் கொட்டப் போனால் "இருக்கட்டும் சாமி, தோசை ஊத்து" என்பேன். கிழவனுக்கு நாக்கு செத்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

தம்பிக்கு மூன்று வயது முடிந்த சமயம் ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருகிற காய்ச்சல் என்றுதான் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. வலது காலும் விட்டுப்போயிற்று. காலையில் எழுந்து நின்றவன் துணி சரிவது போல அப்படியே சரிந்தான். அம்மா முதலில் விளையாடுகிறான் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் கடைசி வரைக்கும் தன்மேல் ஒரு குற்றமாகவே வைத்துக்கொண்டிருந்தாள்.

அறுவடைச் சமயம் என்பதால் அப்பாவுக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. சேலத்துக்கு மாவு ஏற்றிப்போன லாரியிலேயே அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மாளிடம் அனுப்பினார். அந்த அம்மாள் தம்பியின் காலை நீட்டி, மடக்கி, விரலால் குத்தி, கூச்சம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு எங்கள் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"காலுல கொஞ்சம் உசுரு இருக்குதம்மா. தினமும் எண்ணெய் போட்டு நீவி உடு. பிடிச்சுக்கிட்டு நடக்கட்டும், உழுவட்டும், மறுபடி நடக்கட்டும். அழுதா அழுவட்டும். தூக்கி இடுப்புல வெச்சேன்னு வெய்யி, முட்டி மடங்கினபடியே இறுகிப்போயிரும். அப்புறம் கடவுளே வந்தாலும் நீட்ட முடியாது. இவன நீ தூக்கவே கூடாது. புரிஞ்சுதா?"

அம்மா தலையாட்டினாள். அன்றைக்கு லாரி நின்ற இடம் வரைக்கும் அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். "இதுதான் கடேசி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கா, அவனுக்கா, தனக்கா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் அவனைத் தூக்கவில்லை. ஒரு தாய் நாலு வயதுப் பிள்ளையைத் தூக்காமல் இருப்பது என்ன பாடு என்பதை நான் பார்த்திருக்கிறேன். அவன் கையை நீட்டுவான். அவள் கை தானாக முன்னால் போகும். உடனே அந்தக் கையை முந்தானையில் சுற்றிக்கொள்வாள். "வா சாமி, நீயே வா" என்பாள். அவன் கத்துவான். அவள் இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்வாள். வரிசை வீட்டுப் பெண்கள், "கல்லு நெஞ்சுக்காரி" என்று அவள் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அவன் தூங்கிய பிறகு நடப்பது வேறு. பின்னால் களத்துக்குக் கூட்டிப்போன நாட்களில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மில் கொட்டகை நிழலில் அவன் கண்ணசந்துவிட்டால், மெதுவாக எடுத்து மார்போடு சாய்த்துக்கொள்வாள். காலை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொள்வாள், மடங்கிவிடாமல். சோறு ஒரு பக்கம் ஆறிக்கிடக்கும். சங்கு ஊதினால் அவனை மறுபடி சாக்கின்மேல் கிடத்திவிட்டு எழுந்து போவாள். விழித்துக்கொள்கிறவனுக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது.

அப்பா கதை வேறு மாதிரி. அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, அந்த அம்மாள் பேசியதைக் கேட்கவில்லை. அம்மா சொன்னபோது ம் கொட்டினார். மறுநாள் மாலை வேலை முடிந்து வந்ததும், வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியை ஒரே வீச்சில் எடுத்துத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது தம்பி கையில் போண்டா. வாயெல்லாம் எண்ணெய். அப்பா தலைமயிரில் இருந்த மாவு அவன் முகத்தில் ஒட்டி, இரண்டு பேரும் ஒரே நிறமாக இருந்தார்கள்.

"ஏனுங்க, தூக்காதீங்கன்னு சொன்னனே" என்றாள் அம்மா.

"நாள் முழுக்க நீ நடக்கத்தான வெக்கறே. நான் ஒரு நாழி தூக்குனா என்ன கொறஞ்சு போச்சு?" என்றார் அப்பா.

அவரைக் குறை சொல்வது சுலபம். நீங்களும் சொல்லிவிடாதீர்கள். வேலை செய்து தேய்ந்த உடம்புக்காரர்கள் எல்லோருக்கும் அந்த நாளில் ஒரே ஆசைதான்: பிள்ளை அசையக் கூடாது. ஓடுகிற பிள்ளையைப் பார்த்தால் அவர்களுக்குச் சந்தோஷம் வராது. இவனும் நாளைக்கு மூட்டைக்குத்தான் போவான் என்ற பயம் வரும். மில் முதலாளியின் மகன் மாட்டு வண்டியில் மெத்தை போட்டுப் பள்ளிக்கூடம் போவான். கொழுகொழுவென்று இருப்பான். அதுதான் எங்கள் அப்பாவுக்குப் பிள்ளை வளர்ப்பு. நான் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடினால், "ஏன்டா சாமி காலத் தேச்சுக்கறே, கம்முனு ஒரு எடத்துல உக்காரு" என்பார். கால் தேயும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். அவருடையது தேய்ந்துகொண்டிருந்ததே.

தை பிறந்து கிழங்கு வண்டிகள் வரிசை கட்டின. களத்தில் வேலை குவிந்தது. தம்பியை வீட்டில் விட ஆளில்லை என்று சாக்குச் சொல்லி அம்மா அவனைக் களத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். மேஸ்திரி, ஓரமாக உட்காரவைத்துக்கொள் என்றுதான் அனுமதி கொடுத்தான். அவள் உட்காரவைக்கவில்லை. தன் முந்தானை நுனியை அவன் கையில் கொடுத்தாள். "அம்மா போற கோட்டுலயே வா" என்றாள். நடக்க ஆரம்பித்தாள்.

அந்த வேலைக்குக் காலைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. இழுத்தால் போதும். தம்பிக்கும் அந்தக் காலை இழுக்கத்தான் முடியும். அம்மா இதை யோசித்துச் செய்தாளா, தற்செயலாக அமைந்ததா என்று எனக்குத் தெரியாது. யோசித்துத்தான் செய்திருப்பாள். களத்தில் எல்லாப் பெண்களும் காலை இழுத்துக்கொண்டு நடக்கும்போது, நடுவில் ஒரு பையன் காலை இழுத்துக்கொண்டு நடந்தால் அவனை யார் நொண்டி என்று சொல்லப் போகிறார்கள்?

முதல் வாரம் அழுதான். வெயில், சூடு, கண்ணில் தூசி. முந்தானையை விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வான். அம்மா திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பாள். கோடி வரைக்கும் போய்த் திரும்பும்போதுதான் அவன் முகத்தைப் பார்ப்பாள். பக்கத்தில் வந்ததும் நிற்காமல் முந்தானையை அவன் பக்கமாக வீசிவிட்டு நடப்பாள். அவன் எட்டிப் பிடித்தால் உண்டு. நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் களத்துக்கு ஓடுவேன். இன்னொரு பக்கத்துக் கோட்டில் நானும் காலை இழுத்துக்கொண்டு போவேன். எங்களுக்குள் போட்டி வைத்தேன். வேண்டுமென்றே தோற்பேன். எனக்கு அந்தக் களத்தில் நாள் முழுக்க நடக்கலாம் போல இருக்கும். முன்னால் அம்மா போகிறாள் என்றால் பின்னால் போகாமல் எந்தப் பிள்ளையால் இருக்க முடியும்?

மாசி மாதம் பாதியில் அவனுடைய குதிகால் தரையில் பட ஆரம்பித்தது. அதுவரைக்கும் விரல் நுனிதான் படும். அம்மா ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, திப்பியில் பதிந்திருந்த அந்தக் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது காலின் குதி தெரிந்தது. மங்கலாகத்தான். ஆனால் தெரிந்தது.

"பங்குனிக்குள்ள ஓடிருவான் பாரு" என்று என்னிடம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. இரண்டு நாள் கழித்து அவன் முந்தானையைப் பிடிக்காமலே பாதிக் களம் வந்தான். களத்துப் பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். கல்லு நெஞ்சுக்காரி என்று சொன்னவளும் தட்டினாள்.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் மூட்டை ஏற்றுகிற கிடங்கு மில்லின் அந்தப் பக்கம், களம் இந்தப் பக்கம். அம்மா சொல்லவில்லை. பங்குனி உத்திரத்துக்குள் பிள்ளையை அவர் எதிரே நடக்கவிட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தாள். முன்னமே சொல்லியிருந்தால் நடந்தது வேறாக இருந்திருக்குமோ என்னவோ. எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை கிடங்கு வாசலில் லாரி ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. அடுத்த லாரியைக் களத்து ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். லோடுமேன்கள் மூட்டையோடு களத்தைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்துத் தம்பி கால் மடங்கிக் குப்புற விழுந்தான். மூக்கில் திப்பி அப்பிக்கொண்டது. பெரிய குரலெடுத்து அழுதான். அம்மா வழக்கம் போலத் திரும்பாமல் நடந்துகொண்டிருந்தாள். நான் தம்பிக்குப் பின்னால் நின்றேன். தூக்கக் கூடாது என்று எனக்கும் உத்தரவு.

முதலில் பார்த்தது அப்பா இல்லை. அவருக்கு முன்னால் மூட்டையோடு போன ஆள்தான். "ஏனப்பா, நொண்டிப் பையனையும் களத்து வேலைக்குத் தாட்டி உட்டுட்டயா? நாளைக்கு மூட்டைக்கும் வருவானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். கேலிக்குத்தான் சொன்னான். கெட்ட ஆள் இல்லை.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். மூட்டை முதுகிலிருந்து நழுவித் தரையில் விழுந்து தையல் பிரிந்தது. மாவு கொட்டியது. அவர் அதற்கு முன்னால் மூட்டையைக் கீழே போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வெறுங்காலோடு திப்பியை மிதித்துக்கொண்டு களத்துக்குள் வந்தார்.

"ஏம்புள்ள, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? பையன் உழுந்து கத்தறான், நீ பாட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கறே?"

அம்மா அப்போதுதான் திரும்பினாள். "அவனா எந்திரிப்பானுங்க. நேத்து எந்திரிச்சான். தொடாதீங்க, பாருங்க" என்றாள்.

"தொடக் கூடாதா?"

"ஆஸ்பத்திரியில அந்தம்மா…"

"அந்தம்மா பெத்துச்சா இவன? ஊரான் மூட்டையெல்லாம் தூக்கறன். என்ற பையனத் தூக்கறதுக்கு எனக்கு முதுகு இல்லீன்னு நெனச்சுட்டயா?"

களமே நின்றுவிட்டது. அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். ஊர் பார்க்க அவள் அவரைத் தொட்டது எனக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான். "இன்னும் ஒரு மாசம் உடுங்க. கால் படிஞ்சு வருதுங்க. குதி பதிஞ்சுருச்சு, இங்க பாருங்க" என்று தரையைக் காட்டினாள். அப்பா அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவர் அடிக்கவில்லை, வையவில்லை. கண் கலங்கியிருந்தது. மாவு அப்பிய முகத்தில் இரண்டு கோடு இறங்கியது. தம்பியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். போகும்போது தம்பி அழுகையை நிறுத்திவிட்டு, மேலே இருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

அன்றோடு அம்மா களத்துக்குப் போவது நின்றது. மேஸ்திரியிடம் அப்பாவே போய்ச் சொல்லிவிட்டார். அவள் சம்பாத்தியத்துக்கும் சேர்த்துத் தானே இன்னொரு லோடு ஏற்றிக்கொள்வதாக வைராக்கியம். வரிசை வீடுகளில் அவருக்கு ஏகப்பட்ட நல்ல பேர். பொண்டாட்டியை நிழலில் உட்காரவைத்துவிட்டான், ஆம்பளைன்னா அவன் ஆம்பளை என்று பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களுக்கு இடித்துக் காட்டினார்கள். அம்மாவுக்கு வீட்டில் இருந்தபடியே கடலைக்காய் உரிக்கிற வேலையை யாரோ பிடித்துக் கொடுத்தார்கள். மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து உரித்தாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் உட்கார்ந்தேன். களத்துக்கு ஓட இப்போது எனக்கு என்ன வேலை இருக்கிறது? வீடு முழுக்கக் கடலைத் தோல். மூன்று பேரும் காலை மடக்கிக்கொண்டு, பொழுது சாய்கிற வரைக்கும்.

வீட்டுக்குள்ளேயே நடக்கவைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் பார்க்காமல் இருப்பாளா? பிடித்து நிறுத்துவாள். ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு விஷயம் புரிந்துபோயிருந்தது. "அப்பா வரட்டும்" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவான். அழக்கூட மாட்டான். அப்பாவும் வருவார். எவ்வளவு மூட்டை ஏற்றிய முதுகாக இருந்தாலும் அவனுக்கு இடம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குத் தோளில், கோயிலுக்குத் தோளில், கொல்லைக்குத் தோளில். சித்திரையில் குதி மேலே ஏறிவிட்டது. ஆடியில் முட்டி நீள மறுத்தது. அம்மா எண்ணெய் போட்டு அழுத்தினால் வலியில் அவள் கையைக் கடித்துவிடுவான். அடுத்த வருஷம் மறுபடி சேலத்துக்குப் போனபோது அதே அம்மாள் காலைப் பார்த்தாள், எங்கள் அம்மாவைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவப் போய்விட்டாள். தூக்காதே என்று அப்போதே சொன்னேனே என்று திட்டியிருந்தால்கூட அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தம்பிக்கு எட்டு வயது நடந்தபோது அப்பாவின் முதுகு நின்றுபோயிற்று. பலகையில் ஏறும்போது ஏதோ பிடித்துக்கொண்டது என்றார்; பிறகு மூட்டையும் தூக்க முடியவில்லை, பையனையும் தூக்க முடியவில்லை. தம்பி அதற்குப் பிறகு வலது கையை முட்டியில் ஊன்றி, உடம்பைப் பாதியாக மடித்துக்கொண்டு நடக்கப் பழகினான். அம்மா மறுபடி களத்துக்குப் போனாள். அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, "ரெண்டு பேரும் உக்காந்து படிங்க சாமி. கையி காலு அசைக்காத வேலையாப் பாத்துப் போயிருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கேட்ட வரம் பலித்தது. நான் ஒரு அரசாங்க ஆபீசில் நாற்காலி தேய்த்து ஓய்வு பெற்றேன். தம்பி சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசில் போன் எடுக்கிற வேலைக்குப் போய், பிறகு அந்த ஆபீசையே எடுத்து நடத்தினான். அவன் மகனுக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் பைக்கில் போகிறான். என் மகன் வாங்கிப்போட்ட நடைபயிற்சி மெஷினில் ஈரத்துணி காய்கிறது. அந்த டாக்டரம்மாவுக்கு இதையெல்லாம் எந்த வகையில் சொல்லுவது?

அப்பா செத்தபோது நான்தான் கொள்ளி வைத்தேன். அப்பனுக்குத் தலைமகன், அம்மாவுக்குக் கடைசி மகன் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தம்பிக்கு அன்றைக்கு ஒரு கடமையும் இல்லை. வேனில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று எல்லோரும் சொன்னோம். கேட்கவில்லை. பாடைக்குப் பின்னால், கையை முட்டியில் ஊன்றி, சுடுகாடு வரைக்கும் நடந்தே வந்தான். நல்ல வெயில். வழியில் இரண்டு தடவை விழுந்தான். தூக்கப் போனவர்களைக் கையை உதறி விரட்டினான். "எங்கப்பன் என்னைச் சொமந்தாரு. அவரு போறப்ப நான் வண்டியிலயா போவேன்?" என்றான். கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். வாசலோடு நின்றுவிட்ட அம்மா, அவன் அப்படி நடந்து போவதைத் தெரு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். நாங்கள் திரும்பி வந்த பிறகு என் மனைவிதான் சொன்னாள்.

அம்மா அதன்பின் வெகுகாலம் என்னோடு இருந்தாள். மாதம் ஒரு தடவை சங்ககிரிக்கு என்னோடு பஸ் ஏறி வருவாள். தம்பி மரியாதைக் குறைவாக ஒன்றும் செய்ய மாட்டான். "வாங்க" என்பான். டீ வாங்கிவரச் சொல்லுவான். போன் வந்தால் பேசப் போய்விடுவான். அவள் அவன் காலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை எண்ணெய்ப் பாட்டிலை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். "இனி எதுக்கு?" என்று ஒரே வார்த்தை சொன்னான். பாட்டிலைத் திரும்ப எடுத்துவந்தோம்.

நான் அவனிடம் பேசாமல் இல்லை. ஆஸ்பத்திரி அம்மாள் சொன்னதை, களத்தில் குதி பதிந்ததை, எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அவனுக்குக் களம் ஞாபகம் இருந்தது. வெயிலும், விழுந்ததும், திரும்பாமல் போன அம்மாவின் முதுகும் ஞாபகம் இருந்தன. குதி பதிந்தது ஞாபகம் இல்லை. "அப்பனக் கொற சொல்லாதண்ணா. எனக்குப் பாவம் பாத்தவரு அவரு ஒருத்தருதான்" என்றான். நீ தூங்கினால் அவள் உன்னைத் தூக்கி மார்பில் போட்டுக்கொள்வாளடா என்றேன். "தூங்கறவனுக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தான். அவன் சொன்னதிலும் தப்பு இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் கட்டிலில் படுத்தபடி காலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பாதத்தைப் போர்வையோடு இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து. "என்னம்மா பண்றே?" என்று கேட்டால், "ஒரு மாசம்தான சாமி கேட்டேன்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

தம்பி காரில் வந்தான். கடைசி மகன் அவன். குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றிவந்து கொள்ளி வைக்க வேண்டியவன். சுடுகாட்டுக்கும் காரிலேயே வந்தான். எல்லாம் ஆயத்தமாகி, குடத்தில் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது. கார்க் கதவு திறந்திருந்தது. அவன் இறங்கவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"எனக்கு முடியாதண்ணா. சக்கரை ஏறிக்கிடக்குது. மூணு சுத்து நடக்க முடியாது. நீயே வெச்சுரு" என்றான்.

உண்மைதான். உடம்பு பருத்துவிட்டது. காலில் ஆறாத புண். அன்றைக்கு அப்பா பாடைக்குப் பின்னால் நடந்த வயது இல்லை இப்போது.

"ஒரு சுத்தாவது வாடா. நான் புடிச்சுக்கறேன். அவ உன்னை நடக்க வெக்கறதுக்குத்தானடா அந்தப் பாடு பட்டா" என்றேன்.

அவன் சிதையைப் பார்க்கவில்லை. முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். கிழவனாகிப்போன என் தம்பியின் கீழுதடு, நாலு வயதில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது துடிக்குமே, அப்படித் துடித்தது.

"நடக்க வெச்சாண்ணா. இல்லீங்கல. ஒரே ஒரு தடவ தூக்கியிருக்கலாம்ல?"

வெட்டியான் கூப்பிட்டார், பொழுது போகுதுங்க என்று. நான் போய்க் குடத்தை எடுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன்.